காற்றழுத்தப் பீரங்கி

காற்றழுத்தப் பீரங்கி என்பது, ஒரு கலத்தில் அடைத்து வைக்கப்பட்ட அழுத்தக் காற்றைத் திடீரெனத் திறந்துவிட்டு, குழலில் உள்ள பொருளைத் தொலைவுக்கு எறியும் கருவி ஆகும். இதற்கு வெடிமருந்தோ நெருப்போ தேவையில்லை. பிவிசி எனப்படும் நெகிழிக் குழாய்களைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலான பொழுதுபோக்காக உள்ளது. பெரும்பாலும் உருளைக்கிழங்கை எறியப் பயன்படுவதால் 'உருளைக்கிழங்குத் துப்பாக்கி' என்றும் அழைக்கப்படுகிறது. செய்வதற்கு எளிதாகத் தோன்றினாலும், நீருக்காகச் செய்யப்பட்ட குழாயில் காற்றை அடைப்பது கடும் ஆபத்து உடையது.

வரலாறு

காற்றின் அழுத்தத்தால் சுடும் கருவிகள் பழமையானவை. பார்த்தலோமியோ ஜிராந்தோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை 1780-களில் ஆஸ்திரியப் படை பயன்படுத்தியது. 1898-இல் நடந்த ஸ்பானிய-அமெரிக்கப் போரில் 'வெசூவியஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூன்று காற்றழுத்தப் பீரங்கிகளைக் கொண்டிருந்தது. வெடிமருந்தின் அதிர்ச்சியால் டைனமைட் குண்டு குழலுக்குள்ளேயே வெடித்துவிடக்கூடும் என்பதால், மென்மையாகத் தள்ளும் காற்று தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கப்பல்களில் பொருத்தப்பட்ட 'ஹோல்மன்' எறிகருவியும் அழுத்தக் காற்றாலோ நீராவியாலோ இயங்கியது. மாலுமிகள் விளையாட்டாக அதில் உருளைக்கிழங்குகளை வைத்து எறிந்ததும் உண்டு.

அமைப்பும் இயங்கும் முறையும்

இக்கருவியில் மூன்று முதன்மைப் பகுதிகள் உள்ளன.

1. காற்றறை: அகலமான, ஒரு முனை மூடப்பட்ட குழாய். சைக்கிள் பம்பு அல்லது காற்றழுத்தி மூலம் இதில் காற்று ஏற்றப்படுகிறது.
2. வால்வு: காற்றறையையும் குழலையும் பிரித்து வைப்பது. கையால் திருப்பும் பந்து வால்வு மெதுவாகத் திறப்பதால் காற்றின் விசை வீணாகிறது. தோட்டத் தெளிப்பு நீர்க் குழாய்களில் பயன்படும் மின் வால்வு விரைவாகத் திறக்கும்.
3. குழல்: எறிபொருள் வைக்கப்படும் நீண்ட குழாய். இதன் விளிம்பைக் கூராக்கினால், உள்ளே தள்ளப்படும் உருளைக்கிழங்கு குழலின் அளவுக்கே வெட்டப்பட்டு, காற்று கசியாமல் அடைத்துக்கொள்ளும்.

வால்வு திறந்ததும் அழுத்தக் காற்று விரிந்து எறிபொருளின் பின்புறத்தைத் தள்ளுகிறது. முன்புறத்தில் வளிமண்டல அழுத்தம் மட்டுமே உள்ளது. இவ்விரண்டின் வேறுபாட்டை குழலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதே எறிபொருளின் மீது செயல்படும் விசை. காற்று விரிய விரிய அழுத்தம் குறையும் என்பது பாயில் விதி. எனவே எறிபொருள் குழலில் முன்னேறும்போது விசையும் குறைந்துகொண்டே வரும்.

ஓர் எளிய கணக்கு

10 செ.மீ. உள்விட்டமும் 64 செ.மீ. நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர். அதில் வளிமண்டலத்தைவிட 4 பார் கூடுதலான அழுத்தத்தில் காற்று இருப்பதாகக் கொள்வோம்.

* குழாயின் முனையில் ஒட்டப்பட்ட மூடியின் மீது ஏறத்தாழ 3,140 நியூட்டன் விசை செயல்படும். இது 320 கிலோ எடைக்குச் சமம்.
* வெப்பநிலை மாறாமல் விரிந்தால் இக்காற்று செய்யக்கூடிய வேலை ஏறத்தாழ 2,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 4 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும்.
* இதில் 300 ஜூல் மட்டுமே 150 கிராம் உருளைக்கிழங்கைச் சென்றடைந்தாலும், அதன் வேகம் மணிக்கு 225 கி.மீ. அளவில் இருக்கும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் இதில் பாதிகூட இல்லை.

இதே குழாயில் இதே அழுத்தத்தில் நீர் இருந்தால், அந்த நீரில் சேமிக்கப்படும் ஆற்றல் 0.2 ஜூல் அளவே. நீர் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை என்பதே காரணம். அழுத்தமானி இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டினாலும், காற்று நிரம்பிய குழாயில் இருக்கும் ஆற்றல் பத்தாயிரம் மடங்கு அதிகம்.

நெகிழிக் குழாயின் ஆபத்து

பிவிசி குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் அழுத்த அளவு நீருக்கு உரியது. அழுத்தக் காற்றுக்கு உரியதன்று. நீர்க் குழாயில் விரிசல் விழுந்தால் சிறிதளவு நீர் பீய்ச்சியதுமே அழுத்தம் விழுந்துவிடும். காற்றுக் குழாய் உடைந்தால் உள்ளிருக்கும் காற்று முழுவதும் நொடிப்பொழுதில் விரிந்து, உடைந்த துண்டுகளை எல்லாத் திசைகளிலும் வீசும். பிவிசி எளிதில் நொறுங்கும் இயல்புடையதால், அத்துண்டுகள் கத்தி போன்ற கூர்மையுடன் இருக்கும்.

வெப்பமும் குழாயின் வலிமையைக் குறைக்கிறது. குறிக்கப்பட்ட அழுத்த அளவு 23 பாகை செல்சியசில் கணக்கிடப்படுவது. 43 பாகையில் அது ஏறக்குறைய பாதியாகவும், 60 பாகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவாகவும் குறைகிறது. வெயிலில் நீண்ட நாள் கிடந்த குழாய் மேலும் எளிதில் உடையும். கீழே விழுந்த அடியாலோ அரைகுறையாக ஒட்டிய இணைப்பாலோ ஏற்படும் பலவீனம் கண்ணுக்குத் தெரியாது. பலமுறை தாங்கிய குழாய் அடுத்த முறையும் தாங்கும் என்று கொள்ள முடியாது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் காற்றுக் குழாய் வெடித்துத் தொழிலாளி ஒருவர் காயமடைந்தார். இதையடுத்து, அந்நாட்டின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 1988-இல் எச்சரிக்கை வெளியிட்டது. தரைக்கு மேல் செல்லும் அழுத்தக் காற்றுக் குழாய்களுக்குப் பிவிசி ஏற்றதன்று என்பதே அதன் சாரம்.

பெரிய கருவிகளிலும் விபத்துகள் நேர்ந்துள்ளன. டெலவேர் மாநிலத்தில் 1986-இல் தொடங்கிய பூசணிக்காய் எறியும் போட்டியில் மிகப் பெரிய காற்றழுத்தப் பீரங்கிகள் கலந்துகொண்டன. 2016-இல் அவற்றுள் ஒன்றின் பகுதி பிய்த்துக்கொண்டு பறந்ததில் பெண் ஒருவர் படுகாயமடைந்தார்.

எரிவளிமக் குழாய்த் துப்பாக்கி

இந்தியாவில் வயல்களில் குரங்கு, பறவைகளை விரட்டப் பயன்படும் 'கார்பைடு துப்பாக்கி'யும் பிவிசி குழாயால் செய்யப்படுவதே. ஆனால் அதன் செயல்முறை வேறு. கால்சியம் கார்பைடும் நீரும் சேர்ந்து உருவாகும் அசெட்டிலீன் வளிமம் தீப்பொறியால் வெடிக்கிறது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இதை வைத்து விளையாடிய சிறுவர்கள் பலரின் கண்கள் பாதிக்கப்பட்டன.

சட்ட நிலை

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேல் குழல் விட்டமோ உடைய காற்று ஆயுதங்களுக்கு உரிமம் தேவை. மேலே கணக்கிட்ட கருவி இவ்விரு வரம்புகளையும் பன்மடங்கு மீறுகிறது.

பயன்கள்

சிமென்ட் ஆலைகளின் சேமிப்புக் கலன்களில் ஒட்டிக்கொள்ளும் தூளை உதிர்க்க எஃகாலான காற்றழுத்தப் பீரங்கிகள் பயன்படுகின்றன. பறவை மோதினால் விமானக் கண்ணாடியும் இயந்திரமும் தாங்குமா என்பதும் இவ்வகைக் கருவியால் சோதிக்கப்படுகிறது. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் சிதைந்த பின், அதன் இறக்கையின் முன்விளிம்புப் பலகை மீது வளிமப் பீரங்கியால் ஒரு கிலோவுக்கும் குறைவான நுரைத் துண்டு எறியப்பட்டது. பலகையில் ஏறத்தாழ 40 செ.மீ. அகல ஓட்டை விழுந்தது. எடை குறைந்த பொருளும் வேகத்தால் பேரழிவை ஏற்படுத்தும் என்பது அச்சோதனையில் தெளிவானது.

வகுப்பறையில் விளக்கும் முறை

இதே தத்துவத்தைக் காட்டப் பெரிய குழாய் தேவையில்லை. ஊசி இல்லாத 20 மி.லி. மருந்துப் பீற்றுக்குழலின் நுனியைச் சிறு உருளைக்கிழங்குத் துண்டில் குத்தி எடுத்தால், துளை அடைபடும். உள்தண்டை அழுத்தும்போது காற்றின் பருமன் குறைந்து அழுத்தம் கூடுவதைக் கையால் உணரலாம். பின் 'டப்' என்ற ஒலியுடன் அடைப்பு தெறிக்கும். இதில் சேமிக்கப்படும் ஆற்றல் ஓரிரு ஜூல் மட்டுமே. ஆயினும் கண்ணாடி அணிந்து, முகம் இல்லாத திசை நோக்கியே செய்ய வேண்டும்.