பெயர் தாங்கிய கல்லும் எண் தாங்கிய கல்லும்: ஊர்ப் போர் நினைவுச் சின்னங்களின் அமைப்பும் பொறிப்பும்

முன்னுரை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, மலையமான் திருமுடிக்காரியால் போரில் கொல்லப்பட்டதையும், அம்மலை சேரனுக்கு உரியதானதையும் சங்க இலக்கியம் பதிவு செய்கிறது. செம்மேட்டில் நிற்கும் ஓரியின் சிலையும் ஆடித் திங்களில் நிகழும் அரசு விழாவும் அந்நினைவின் அண்மைக்கால வடிவங்களாகும். ஓரி புலவர் பாடிய மன்னன். பாடப்பெறாத ஊர் மறவரை நினைவில் நிறுத்தியவை நடுகற்களே. அவற்றின் அமைப்பையும் பொறிப்பையும் பிற்காலப் போர் நினைவுச் சின்னம் ஒன்றுடன் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லின் அமைப்பு

கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்களில் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களிலோ வில்லும் வாளும் ஏந்திப் போரிடும் நிலையில் வீரன் புடைப்புருவமாகச் செதுக்கப்பட்டுள்ளான். வட்டெழுத்துப் பொறிப்பு அவ்வுருவத்தைச் சூழ அமைகிறது. பெயரை மட்டும் தாங்கிய கல், காலப்போக்கில் நிகழ்வையும் காட்டத் தொடங்கியது.

பொறிப்பின் முறை

புலிமான்கோம்பைக் கல் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவனைக் குறிக்கிறது. ஆநிரை கவர்தலைச் சுட்டும் இலக்கணக் கலைச்சொல்லான ‘ஆகோள்’ ஊர் மக்களின் வழக்கிலும் இருந்தமைக்கு இது சான்று. பல்லவர் கால நடுகற்கள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், பூசல் என்னும் நிரலில் அமைந்து, ‘பட்டான் கல்’ என முடிகின்றன. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தியுடன் அவனது நாய் கோவிவனையும் பெயர் சுட்டிப் போற்றுகிறது. நாயின் உருவமும் அதில் இடம்பெற்றுள்ளது.

பெயரும் எண்ணும்

முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கில அரசின் காலத்தில் ஊர்தோறும் பதிக்கப்பட்ட கல்வெட்டுகள் வேறு முறையைப் பின்பற்றின. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாய்பாடு. வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டு 277 பேர் சென்றதையும் 14 பேர் மாண்டதையும் ஆங்கிலத்தில் கூறுகிறது. மாண்டவர் பெயர்களைக் கூறவில்லை.

முடிவுரை

நடுகல்லை எழுப்பியோர் இறந்தவனை அறிந்த உறவினரும் ஊராரும் ஆவர். ஆகவே அது வழிபடு பொருளாயிற்று. போர்க் கல்வெட்டு ஊருக்கு வெளியே வகுக்கப்பட்ட வாய்பாட்டின்படி அமைந்தது. ஆகவே ஊரின் பங்களிப்பை எண்ணிக்கையாக மட்டும் காட்டியது. பேரரசின் போரில் மாண்ட பதினால்வருக்குக் கிடைக்காத பெயர்ப்பொறிப்பு, எருமை காத்தவனின் நாய்க்குக் கிடைத்துள்ளது. நினைவுச் சின்னத்தின் தன்மையை அதனை நிறுவியோர்க்கும் இறந்தோர்க்கும் இடையிலான உறவே தீர்மானிக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.