சேற்றுக்கல்லும் எமது காணிகளும்

மன்னார்க் கடலில் 2011ஆம் ஆண்டு 'கெயார்ன்' நிறுவனம் தோண்டிய 'டொராடோ' கிணற்றில் எரிவாயு கண்டறியப்பட்டது. "எங்கள் காணிக்கு அடியிலும் வாயு இருக்குமோ? அதனால் காணி கைக்கு வராமற் போகுமோ?" என்ற கேள்வி இடம்பெயர்ந்த குடும்பங்களின் மனதில் எழுவது இயல்பே. இதற்கு விடை காண முதலில் பாறையை அறிய வேண்டும்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீர்நிலைகளின் அடிச்சேற்றில் செடிகளும் நுண்ணுயிர்களும் காற்றுப் படாமல் புதைந்தன. அச்சேறு இறுகிக் கருநிறச் சேற்றுக்கல்லானது. எண்ணெயும் வாயுவும் பிறப்பது இதில்தான். எனவே இதனை மூலப்பாறை என்பர். இங்கிருந்து வெளியேறிய வாயு மணற்கல்லிலே தங்கும். டொராடோவில் கிடைத்தது அத்தகையதே. வெளியேறாமல் சேற்றுக்கல்லுக்குள்ளேயே அடைபட்டிருப்பது 'ஷேல்' வாயு.

எல்லாச் சேற்றுக்கல்லும் வாயு தராது. ஆய்வாளர் கல்லை இடித்துத் தூளாக்கிச் சூடேற்றி, அதில் எவ்வளவு கரிமப்பொருள் உண்டு, அது எவ்வகையைச் சேர்ந்தது, நிலத்தடி வெப்பத்தில் எவ்வளவு பக்குவப்பட்டது என்று பார்ப்பார்கள். உலை கொதியாவிட்டால் அரிசி வேகாது. நெருப்பு மிஞ்சினால் சோறு கரியாகும். பாறையும் அவ்வாறே. படிவின் தடிப்பும் ஆழமும் போதியதாக இருக்கவேண்டும்.

இலங்கையில் ஜுராசிக் காலச் சேற்றுக்கல் புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம பகுதிகளில் காணப்படுகிறது. மன்னார்க் கடலடியில் ஆழப் புதைந்துள்ள படிவுகளை விளங்கிக்கொள்ள இக்கற்கள் உதவுகின்றன. ஆனால் நல்ல மூலப்பாறை என்ற முடிவு, வாயுக்கிணறு ஆகிவிடாது. மன்னார்த் தீவில் பேசாலையில் 1974இல் எண்ணெய் தேடித் துளையிட்டும் வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை.

வன்னியின் உட்பகுதியிலோ, வயலுக்கும் குளத்துக்கும் அடியில் இருப்பது 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடும் வெப்பத்தில் உருமாறிய பழம்பாறை. அதில் ஷேல் வாயு தேட இடமில்லை. படிவுப் பாறைகள் கரையோரத்தில்தான் உண்டு.

கரையோரக் காணியில் யாராவது துளையிட வந்தால் என்ன செய்வது? சட்டப்படி நிலத்தடிப் பெற்றோலியம் அரசுக்கே உரியது. காணி உறுதி மேல்நிலத்துக்கே உரிமை தரும். ஆகவே, அனுமதி தந்தவர் யார், நட்டஈடு தருபவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஷேல் பாறையைப் பிளக்க ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் லீற்றர் தண்ணீர் வேண்டும். அது எந்தக் குளத்துத் தண்ணீர், கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் காவிரிப் படுகை விவசாயிகள் ஒன்றுசேர்ந்து கேட்டார்கள். 2020இல் அங்கு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தை நாடலாம். நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கும் விட்டுக்கொடுக்க மறுத்தான். ஆனால் அவன் தனித்து நின்றான். நாம் கிராமமாகச் சேர்ந்து நிற்போம்.