தட்டு வந்ததா எனக் கேட்டறிதல்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கரையோரத்தைச் சிதைத்துச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிருக்கு ஈடு ஏதுமில்லை. எனினும், தப்பியவர்களை வேறொரு துன்பமும் தொடர்ந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, வாப்பாவின் நிழற்படம் எனப் பலருடைய பத்திரங்கள் அலையோடு போயின.

இன்று அவற்றை ஸ்கேன் செய்து கணினியிற் சேர்க்கலாம். கையடக்கமான வெளித்தட்டிலே படியெடுத்தும் வைக்கலாம். கரையோரக் குடும்பத்தார் இரண்டு தட்டுகள் வைத்துக்கொள்வது நன்று. ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றது உள்நாட்டிலே, குளமும் வயலும் சூழ்ந்த இறக்காமத்து உறவினரிடம் இருக்கட்டும். மாதந்தோறும் இரண்டையும் மாற்றிக்கொண்டால் ஒரே அலை இரண்டையும் கொண்டுபோகாது அன்றோ?

படியெடுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கணினியிடம் ஒப்படைப்பதையே 'ஸ்கிரிப்ட்' என்கிறோம். குறித்த நேரத்தில் இயங்க அது மறவாது. தட்டைப் பொருத்த நாம் மறந்துவிடலாம். அப்பொழுது நிகழ்வது யாது? லினக்ஸ் முறையில், வெளித்தட்டு ஒரு கோப்புறையோடு இணைக்கப்படுகிறது; இதனை 'மவுண்ட்' செய்தல் என்பர். தட்டு இல்லாத வேளையிலும் அவ்வெற்றுக் கோப்புறை கணினியின் உள்தட்டில் இருக்கக்கூடும். ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே படியெடுத்துவிட்டு, 'பணி முடிந்தது' என அறிவிக்கும். பின்னர் கணினி பழுதடையின் மூலமும் படியும் ஒருங்கே அழியும்.

ஆதலின், 'தட்டு வந்ததா?' என்பதே ஸ்கிரிப்ட் கேட்கவேண்டிய முதற் கேள்வி. இதற்குப் பெயரை மட்டும் நம்பலாகாது. லினக்ஸ் தட்டுகளைக் கண்ட ஒழுங்கில் 'எஸ்.டி.ஏ.', 'எஸ்.டி.பி.' எனப் பெயரிடுகிறது. விண்டோஸ் 'ஈ', 'எஃப்' என எழுத்து வழங்குகிறது. இன்று ஒரு தட்டுக்குரிய பெயர் நாளை மற்றொன்றுக்குப் போகலாம். ஆனால், தட்டை ஃபோர்மற் செய்யும்போது பதிவாகும் 'யூ.யூ.ஐ.டி.' என்னும் அடையாள எண், மறுபடி ஃபோர்மற் செய்யும்வரை பொதுவாக மாறுவதில்லை. ஒரே பெயருடையோர் ஊரிற் பலர் இருப்பினும், அடையாள அட்டை எண் ஆளுக்கு ஒன்றாக இருப்பது போன்றது இது. லினக்ஸில் 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்னும் கட்டளையைக் கொண்டு அவ்வெண்ணை அறியலாம்.

ஸ்கிரிப்ட் எழுதும் மாணாக்கர் மூன்று சோதனைகளை முன்வைத்தல் வேண்டும். இரு தட்டுகளுள் ஒன்றன் எண்ணாவது தென்படுகிறதா? அத்தட்டு உரிய கோப்புறையோடு இணைந்துள்ளதா? போதிய இடம் உள்ளதா? ஒன்றுக்கேனும் 'இல்லை' என்ற விடை வருமாயின், ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, காரணத்தைத் திரையில் அறிவிக்கவேண்டும். ஓசையின்றி மேலே செல்லலாகாது. படியெடுத்த பின்னர் மூலத்தையும் படியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், முறைப்படி விடுவித்த பிறகே தட்டைக் கழற்றுவதும் இன்றியமையாதன.

இத்தனைக்கும் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். எழுதியவுடன், தட்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஸ்கிரிப்டை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். 'தட்டு வரவில்லை' என்று அது கூறி நின்றதாயின், அதனிடம் வீட்டுப் பத்திரங்களை நம்பி ஒப்படைக்கலாம்.