பெயருக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

சி மொழியில் எழுதிய ஒரு கோப்பு 'பிரிண்ட்எஃப்' என்ற செயற்கூற்றை அழைக்கிறது. அது நினைவகத்தில் எங்கே இருக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, 'இங்கே பிரிண்ட்எஃப்பின் முகவரி வர வேண்டும்' என்ற குறிப்போடு ஆப்ஜெக்ட் கோப்பை எழுதி முடிக்கிறது. பிறகு எல்லாக் கோப்புகளையும் சேர்த்து, காலி இடங்களை நிரப்புவது லிங்கரின் பொறுப்பு.

குறிப்பை எழுதும் கம்பைலர் ஒரு குழுவுடையது, படிக்கும் லிங்கர் இன்னொரு குழுவுடையது என்பது சாதாரணம். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரிய, லினக்ஸ் உலகம் நம்பியிருப்பது 'எல்ஃப்' என்ற கோப்பு வடிவத்தை. 1980களின் இறுதியில் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டுக்காக உருவானது அது.

அதற்கு முந்தைய 'காஃப்' வடிவத்தில் ஒரு பெயருக்கு ஒதுக்கிய இடம் எட்டே எழுத்து. நீண்ட பெயர்களை வேறொரு அட்டவணைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எல்ஃப் எல்லாப் பெயர்களையும் ஒரே வரிசையில் வைத்தது. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஒரு பூஜ்ஜிய பைட். பெயர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண் மட்டும் தனியே பதிவாகும். இதனால் ஒரு அழகான சிக்கனம் கிடைத்தது. வரிசையில் 'எஸ்பிரிண்ட்எஃப்' இருந்தால் 'பிரிண்ட்எஃப்' என்று இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் முதல் 'எஸ்' ஒன்றைத் தாண்டிச் சுட்டினால் போதும்.

எல்லாக் கணக்கும் இப்படிப் பலிக்கவில்லை. ஒரு கோப்பில் எத்தனை பகுதிகள் என்று சொல்ல எல்ஃப் ஒதுக்கியது வெறும் 16 பிட். அதிலும் 65,280 முதல் மேலே உள்ள எண்கள் வேறு காரணங்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. செயற்கூறு ஒவ்வொன்றையும் தனிப் பகுதியாக்கும் பெரிய சி பிளஸ் பிளஸ் நிரல்கள் அந்த எல்லையை முட்டின. அந்த எண் இருக்கும் கோப்புத் தலைப்பின் அமைப்பை மாற்றினால் பழைய கருவிகள் எல்லாம் தடுமாறும். அதனால் தலைப்பில் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டு, யாரும் பயன்படுத்தாத முதல் பகுதியின் அளவுக் கட்டத்தில் உண்மையான எண்ணிக்கையை வைத்தார்கள்.

அண்மைய சிக்கனம் இன்னும் பெரியது. நினைவகத்தில் எங்கே ஏற்றினாலும் ஓடக்கூடிய நிரல்களில், ஏறிய இடத்துக்கேற்பத் திருத்த வேண்டிய முகவரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 64 பிட் கணினியில் வழக்கமான குறிப்பு ஒவ்வொன்றும் 24 பைட். ஆனால் திருத்தும் இடங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருப்பதால், 'ரெல்ஆர்' முறை ஒரு முகவரியைச் சொல்லிவிட்டு, அதன்பின் வரும் 63 இடங்களில் எவற்றைத் திருத்த வேண்டும் என்பதை 8 பைட்டில் பிட் பிட்டாகக் குறிக்கிறது. பழைய முறையில் அந்த 63 இடங்களுக்கும் 1,512 பைட் தேவை.

ஆனால் இந்த முறையை அறியாத பழைய கணினியில் அப்படி அமைந்த நிரல் ஓடினால், முகவரிகள் திருத்தப்படாமலே தொடங்கி எங்கேயாவது உடைந்து விழும். ஆகவே 2022இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2.36 பதிப்பு இந்த முறையை ஏற்றபோது கூடவே ஒரு பதிப்புப் பெயரையும் சேர்த்தது. அந்தப் பெயரைக் கோரும் நிரலை, அதை அறியாத பழைய ஜிலிப்சி தொடக்கத்திலேயே நிறுத்தி, எந்தப் பதிப்பு இல்லை என்பதைத் திரையில் சொல்லிவிடும்.