குளிர்நாட்டுப் படகும் அதன் மாரிக்கால உறைவிடமும்

மாரி என்னுஞ் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது மழை. பூமிசாத்திர வகுப்பிலோ அச்சொல் ஐரோப்பாவின் உறைபனிப் பருவத்தையுங் குறிக்கின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மாணவருக்கு உணர்த்துவது எளிதன்று. அதற்கு நான் கண்ட நல்ல வழி, அந்நாட்டுப் படகுடையான் ஒருவன் அப்பருவத்தில் தன் படகை என்செய்கின்றான் என்று கேட்பதாகும். நம் கரைகளில் கடல் கொந்தளிக்குங் காலத்தில் வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டால் அச்சந் தீர்ந்தது. பின்லாந்திலும் சுவீடனிலும் கரையேற்றிய பின்னர்தான் வேலையே தொடங்குகின்றது.

பெருங்கடலின் நீர் ஆயிரம் பங்கில் ஏறக்குறைய 35 பங்கு உப்புடையது. ஆதலின் பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 1.9 பாகை செல்சியசு வரை அது உறைவதில்லை. போல்ற்றிக் கடலோ பல ஆறுகள் வந்து கலக்கும் அடைகடல். பின்லாந்துக் கரையோரத்தில் அதன் உப்பு ஆயிரத்துக்கு ஐந்தாறு பங்களவே. அதனால் அது எளிதில் உறைகின்றது. பொத்னியா விரிகுடாவின் வடபகுதி ஆண்டுதோறும் பனிக்கட்டியால் மூடப்படுகின்றது. அப்பனிக்கட்டி காற்றால் அசையும்போது, அதனிடையே அகப்பட்ட மரப்படகின் பலகைகள் பெயர்ந்துவிடும். நோர்வேயின் மேற்குக் கரையில் நிலைமை வேறு. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தால் அங்கே திறந்த கடல் உறைவதில்லை. எனினும் புயலும் ஓயாத மழையும் படகைச் சிதைக்கும். ஆகவே அம்மக்கள் பழங்காலந் தொட்டே கடலோரத்தில் படகுக் கொட்டில்களைக் கட்டி வந்துள்ளனர். 'நௌஸ்ற்' என்பது அக்கொட்டிலின் பெயர். கிறித்து பிறந்ததன் பின்னான முதற் சில நூற்றாண்டுகளுக்குரிய கொட்டில்களின் அடித்தடங்களையும் தொல்பொருளாய்வாளர் அங்கு கண்டிருக்கின்றனர். ஓட்டின்மேல் ஓடு வேய்வதுபோலப் பலகைமேற் பலகை படியவைத்துக் கட்டும் அந்நாடுகளின் படகுக் கலையை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அந்தக் கொட்டிலின் அமைப்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அதன் தரை பெரும்பாலும் வெறும் மண்ணும் பருக்கைக் கல்லுமே. சுவர்ப் பலகைகளுக்கிடையே காற்று நுழைய இடைவெளி விட்டிருப்பர். இது வறுமையால் வந்ததன்று. மண்ணின் ஈரமும் கடற்காற்றுஞ் சேர்ந்து மரத்தை அளவோடு நனைத்து வைக்கின்றன. மரம் காயும்போது நீளத்திற் சுருங்குவது மிகச் சொற்பம். குறுக்கே சுருங்குவதே பெரிது. சீமெந்துத் தரையிட்டு வெப்பமுமூட்டிய கட்டடத்தில் மரப்படகை ஐந்தாறு மாதம் வைத்தால், பலகைகள் ஒடுங்கி, கலப்பற்று அடித்த பொருத்துகள் வாய்திறந்துவிடும். படகுக்கு நன்மை செய்வதாக எண்ணி வெப்ப அறைக்கு வாடகை கொடுப்பவன் அதனைக் கெடுக்கவே பணங் கொடுக்கின்றான் என்பது என் கருத்து. கண்ணாடிநார்ப் படகுக்கு இத்தொல்லை இல்லை.

இனி, கரையேற்றும் முறையைக் காண்போம். படகு நீரைவிட்டு வந்த அன்றே, ஈரம் புலருமுன், அதன் அடிப்புறத்தைக் கழுவுதல் வேண்டும். அப்போது பாசி எளிதில் நீங்கும். கொட்டலசு என நம் கடலோர மக்கள் கூறும் ஓட்டுயிரும் ஓரளவுக்கு இளகிக் கொடுக்கும். இரண்டு நாள் தாழ்த்தினால் அவை கல்லாகிவிடும். பின்னர்ப் படகைக் கட்டைகள்மேல் இருத்துவர். பாரம் முழுவதையும் ஏராக்கட்டையே தாங்கவேண்டும். பக்கத்து முட்டுக்கால்கள் சாயாமற் பிடிப்பதற்கு மாத்திரமே. முட்டுக்கால் பாரந் தாங்கினால் அவ்விடத்துப் பலகை உட்குழிந்துபோம். அணியத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் உள்ளே எஞ்சிய நீர் பின்புறமாக வடிந்து, அடைப்பான் கழற்றிய துளைவழியே வெளியேறும். கழற்றிய அடைப்பானைச் சுக்கான் பிடியிலே கட்டித் தொங்கவிடுவார் பலர். வசந்தத்தில் அதனைப் பூட்ட மறந்து படகை இறக்குவோர் எந்நாட்டிலும் உளர்.

அடுத்து, எந்திரம். பெரும்பொருள் இழப்பு நேர்வது இங்கேதான். "படகு வீட்டினுள் இருக்கின்றதே, குளிர் என்செய்யும்?" என்று நினைப்பவர் ஏமாறுவர். வெப்பமூட்டாத கொட்டில் பனியையும் காற்றையுந் தடுக்குமேயன்றிக் குளிரைத் தடாது. பதினொரு பங்கு நீர் உறைந்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு பனிக்கட்டியாகும். எந்திரத்தின் வார்ப்பிரும்புக் கூட்டினுள் அடைபட்ட நீர் அவ்வாறு பருக்கும்போது, இடங்கொடுக்க அறியாத இரும்பு வெடிக்கின்றது. மீன்பிடித்து வாழ்பவனுக்கு எந்திரம் வெடித்தால் அடுத்த பருவத்தின் வருவாயே போயிற்று. அவ்வெடிப்பும் மாரியில் வெளித்தெரியாது. வசந்தத்தில் எந்திரத்தை இயக்கும்போதே நீர் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே குளிரூட்டும் நீரை வடித்துவிட்டு, உறைதடுப்புத் திரவத்தை எந்திரம் உறிஞ்சும்படி செய்து, புகைபோகும் வாயிலில் அதன் நிறந் தெரியும் வரை இயக்குவர். இதில் ஒரு நுட்பமுண்டு. கடல்நீரையே நேரே செலுத்திக் குளிரூட்டும் எந்திரங்களில், வெப்பநிலையைக் காக்கும் அடைப்பு ஒன்று எந்திரம் சூடாகும் வரை மூடியே கிடக்கும். குளிர்ந்த எந்திரத்தில் திரவத்தை விட்டால் அது கூட்டினுள்ளே செல்லாமல் சுற்றுவழியாக வெளியேறிவிடும். உடையவனோ வேலை முடிந்ததென்று வீடு செல்வான். முதலில் நன்னீரைச் செலுத்தி எந்திரத்தைச் சூடாக்கிக்கொள்ளுதல், அல்லது அவ்வடைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். இத்திரவங்களுள் எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாய்களுக்குப் புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்ததையே பயன்படுத்துவர். எந்திர எண்ணெயையும் மாரிக்கு முன்னரே மாற்றுதல் நன்று. பழைய எண்ணெயிற் சேர்ந்த அமிலங்கள் மாதக்கணக்கில் உலோகத்தை அரிக்கும்.

பற்றரியின் கதை சற்று விந்தையானது. முழு மின்னேற்றமுள்ள ஈய அமிலப் பற்றரி பூச்சியத்திற்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. மின்னிறங்கியதோ கீழே 10 பாகையளவிலேயே உறைந்து பிளந்துவிடும். டீசல் தாங்கியை நிரப்பி வைப்பதுண்டு. பாதி வெறுமையாயின் உட்புறத்திற் காற்றின் ஈரம் படிந்து நீராகும். பெற்றோல் வேறு பொருள். அதன் ஆவி மூடிய கொட்டிலில் தரையோடு தங்கித் தீப்பொறிக்குக் காத்திருக்கும். எனவே அது பற்றிக் கொட்டிலுடையாரின் விதிகள் கடுமையானவை. சமையல் வாயு உருளையை உள்ளே கொண்டுவரவே விடார்.

தீயைப் பற்றி மேலும் ஒன்று. மரத்திற்கு ஆளிவிதை எண்ணெயும் பைன் மரத்துத் தாரும் பூசுவது அந்நாட்டு வழக்கம். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றின் ஒட்சிசனை உட்கொண்டு வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து ஒரு மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, எவரும் நெருப்பு வையாமலே அவை தாமாகப் பற்றிக்கொள்ளும். ஒரு துணியின் கவலையீனத்தால் வரிசையாக நிற்கும் பிறர் படகுகளும் சாம்பராகலாம். துணியை விரித்து வெளியே உலர்த்துதல், அன்றேல் நீரில் அமிழ்த்துதல் வேண்டும்.

பாய், கயிறு, மெத்தை ஆகியவற்றை உப்புப்போகக் கழுவி உலர்த்தி வீட்டுக்குக் கொண்டுசெல்வர். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். படகின் அறைக் கதவுகளையும் பெட்டிகளையுந் திறந்தே விடுவர்.

1980களிலிருந்து நம்மவர் பலர் நோர்வேயின் வடகோடியாகிய பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைசெய்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு இச்செய்திகள் புதியனவல்ல. நமக்கோ வியப்பைத் தருவது வசந்தகாலக் காட்சி. பனி உருகியபின் மரப்படகை உடனே ஓட்டிச் செல்வதில்லை. அதனை நீரில் இறக்கிக் கரையோடு கட்டிவைப்பர். காய்ந்த பொருத்துகள் வழியே நீர் உட்புகும், இறைத்துக்கொண்டே இருப்பர். ஓரிரு நாளில், சிலவேளை ஒரு கிழமையில், பலகைகள் நீரை உண்டு பருத்து ஒன்றையொன்று நெருக்க, ஒழுக்கு குறைந்து குறைந்து நின்றுவிடும். அதன்பின்னரே பாய்மரத்தை நாட்டுகின்றனர்.