கேட்காமல் பதிவான பெயர்கள்

2014 ஜூன் தொடக்கத்தில், அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திடம் டாட் காம் பெயர் வாங்கி வைத்திருந்த ஏராளமானோருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. உங்கள் பெயரையே டாட் எக்ஸ்ஒய்இசட் என்ற புதிய பின்னொட்டுடன் உங்களுக்குத் தருகிறோம், முதல் ஆண்டுக்குக் கட்டணமில்லை, வேண்டாமென்றால் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கவில்லை. அந்த அஞ்சலைத் திறக்காதவர், விளம்பரம் என்று நினைத்து அழித்தவர், குப்பைப் பெட்டியில் விழுந்ததைக் கவனிக்காதவர் எல்லோரும் ஒரு புதிய இணையப் பெயருக்கு உரிமையாளர் ஆனார்கள். மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வதுண்டு. அங்கேயாவது பெண் எதிரே நிற்பாள். இங்கே படிக்கப்படாத ஒரு கடிதமே சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

இலவசமாகத்தானே கொடுத்தார்கள், இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல, இணையப் பெயர் என்பது என்ன வகைச் சொத்து என்று பார்க்க வேண்டும்.

டொமைன் பெயரை நாம் 'வாங்குவதாக'ச் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஆண்டுக்கொரு முறையோ சில ஆண்டுகளுக்கொரு முறையோ பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாட் காம், டாட் யூகே என்று ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு தலைமைப் பதிவேடு உண்டு. அதைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று. அதில் பெயரைச் சேர்த்துத் தந்து நம்மிடம் பணம் வாங்கும் பதிவாளர் நிறுவனம் இன்னொன்று. நம் முகவரி, தொலைபேசி எண், வங்கி அட்டை விவரம் எல்லாம் இந்தப் பதிவாளரிடம்தான் இருக்கின்றன. கெடு முடியும்போது தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் பல இடங்களில் முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டிருக்கும். அது நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடுதான். மறதியால் பெயரை இழந்தவர்கள் ஏராளம். ஆனால் கேட்காத பெயரும் அதே கணக்கில், அதே அட்டையோடு சேர்ந்துவிட்டால், முதல் ஆண்டின் இலவசம் இரண்டாம் ஆண்டில் கட்டணச் சீட்டாக வந்து நிற்கும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அப்படி.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உலக அளவில் இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு, பதிவாளர் நிறுவனங்களோடு 2013இல் புதுப்பித்த ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு பெயர் உரிமையாளரோடும் பதிவாளர் தாளிலோ மின்வடிவிலோ ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். அதில் உரிமையாளர் சில உறுதிமொழிகளைத் தருகிறார். தன் தொடர்பு விவரங்கள் சரியானவை என்கிறார். தனக்குத் தெரிந்தவரை இந்தப் பதிவு வேறெவருடைய சட்ட உரிமையையும் மீறவில்லை என்கிறார். விவரங்கள் பற்றிப் பதிவாளர் விசாரித்தால் 15 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் பெயர் பறிபோகலாம் என்பதையும் ஏற்கிறார். மின்னஞ்சலைத் திறக்காத ஒருவர் இந்த உறுதிமொழிகளை எப்போது, யாரிடம் கொடுத்தார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் பொதுவாக நாம் நேரில் போய்க் கைரேகை வைக்காமல் பத்திரம் பதிவாகாது. பக்கத்து மனையை நம் பெயருக்கு அவர்களாகவே பட்டா மாற்றிவிட்டு, அடுத்த ஆண்டு தீர்வை கட்டச் சொன்னால் ஊரே திரண்டு கேட்கும். இணையத்தில் அது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

வணிக முத்திரை விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. புதிய பின்னொட்டுகள் திறக்கப்பட்ட பிறகு குறைந்தது 90 நாட்களுக்கு ஒரு விதி உண்டு. வணிக முத்திரைகளுக்கான மையப் பதிவகத்தில் உள்ள சொல்லோடு ஒத்துப்போகும் பெயரை ஒருவர் கேட்டால், 'இந்தச் சொல்லுக்கு வேறொருவர் உரிமை கோருகிறார்' என்ற அறிவிப்பைக் காட்டி, அவர் அதைப் படித்து ஏற்ற பிறகே பதிவு செய்ய வேண்டும். டாட் எக்ஸ்ஒய்இசட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2014 ஜூன் 2. இலவசப் பெயர்கள் வழங்கப்பட்டது அந்த 90 நாட்களுக்குள். பதிவு நடந்ததே தெரியாத ஒருவர் எந்த அறிவிப்பையும் படித்து ஏற்றிருக்க முடியாது.

இவ்வளவையும் ஏன் செய்தார்கள் என்பதற்கு விடை ஒரு நீதிமன்றத்தில் கிடைத்தது. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், டாட் எக்ஸ்ஒய்இசட் நிறுவனத்தின் மீதும் அதன் நிறுவனர் டேனியல் நெகாரி மீதும் 2014 டிசம்பரில் வர்ஜீனியாவில் வழக்குத் தொடுத்தது. தங்கள் பின்னொட்டு அமோகமாக விற்பதாக அவர்கள் செய்த விளம்பரம் பொய் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கில்தான் கணக்கு வெளியே வந்தது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் அப்போதைய தாய் நிறுவனமான வெப் டாட் காம் 3,75,000 பெயர்களை ஒன்றுக்கு 8 டாலர் என்று எடுத்துக்கொண்டது. ஆக 30 லட்சம் டாலர். அதற்கு ஈடாக எக்ஸ்ஒய்இசட் நிறுவனத்துக்குக் கிடைத்தது பணமல்ல, அதே மதிப்புள்ள விளம்பர வரவு. பண்டமாற்று. இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு தரப்புக்குப் பதிவு எண்ணிக்கை கிடைத்தது. புதிய பின்னொட்டுகளின் பட்டியலில் முதலிடம் என்று பறைசாற்ற முடிந்தது. மறு தரப்பிடம் புதுப்பிக்க வாய்ப்புள்ள பெயர்கள் சேர்ந்தன. வாடிக்கையாளர் பெயர் மட்டும் கொடுத்தார், அதுவும் தெரியாமல்.

வெரிசைன் தோற்றது. 2015இல் கீழமை நீதிமன்றம் எக்ஸ்ஒய்இசட் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது இரண்டு வணிகப் போட்டியாளர்களுக்கு இடையிலான விளம்பர வழக்கு. வெரிசைனுக்கு அதனால் நட்டம் வந்ததா, விளம்பரம் பொய்யா என்பவைதான் கேள்விகள். பெயர் யார் தலையில் கட்டப்பட்டதோ அவர் அந்த வழக்கில் தரப்பினரே அல்ல. அவருடைய சம்மதம் செல்லுமா என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்கில் வென்றதால் அந்த முறை நியாயமாகிவிட்டது என்று கொள்ள இடமில்லை என்றே எனக்குப் படுகிறது.

டாட் எக்ஸ்ஒய்இசட்டுக்குப் பின்னாளில் உண்மையான வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 2015 ஆகஸ்டில் கூகுளின் தாய் நிறுவனமாக அறிவிக்கப்பட்ட ஆல்ஃபபெட், தன் முகவரியாக ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்டையே தேர்ந்தெடுத்தது. கேட்டு வாங்கிய அந்த ஒரு பெயர் சேர்த்த மதிப்பு, கேட்காமல் திணித்த லட்சங்களால் வந்திருக்காது.

பிரிட்டனில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே டாட் யூகே பதிவேட்டை நடத்துவது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள நாமினெட். நெடுங்காலம் அங்கே கடைக்காரரும் தச்சரும் வைத்திருந்தது டாட் கோ டாட் யூகே என்ற நீண்ட பின்னொட்டு. 2014 ஜூன் 10 அன்று, வெறும் டாட் யூகே என்ற குறுகிய வடிவம் திறக்கப்பட்டது. பழைய பெயர் வைத்திருப்போரின் அச்சத்தைப் போக்க, பொருந்தும் குறும்பெயர் அவர்களுக்காக ஐந்தாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டது. கெடு 2019 ஜூன் 25. அதுவரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. உரியவர் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதுமில்லை.

இந்த நிலையில் 2017இல், 123-ரெக் உள்ளிட்ட பதிவாளர் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் குறும்பெயர்களை அவர்கள் கேட்காமலேயே இலவசமாகப் பதிவு செய்தன. 2019இல் 123-ரெக் வாடிக்கையாளர்கள், தாங்கள் கேட்டிராத டாட் யூகே பெயர்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் வந்திருப்பதைப் பார்த்து அதிர்ந்தார்கள்.

ஆண்டுகளைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் புரியும். 2017இல் அந்தப் பெயர்களுக்குப் பாதுகாப்பே தேவைப்படவில்லை. ஒதுக்கீடு இன்னும் உயிரோடு இருந்தது. இலவச காலம் முடிந்து சீட்டு வந்தது, ஒதுக்கீடு காலாவதியாகும் அதே ஆண்டில். அப்போது பணம் கட்டாமல் விட்டால், தன் கடைப் பெயரை ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அச்சத்தில் ஒருவர் கட்டும் தொகையை விருப்பத்தோடு கட்டியதாக எப்படிச் சொல்வது? கேளாத பொருளைக் கொடுத்துப் பணம் கேட்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்போது பிரிட்டனில் இருந்தன. ஆனால் அவை தனிநபர் நுகர்வோருக்கானவை. டாட் கோ டாட் யூகே வைத்திருப்போரில் கணிசமானவர்கள் சிறுவணிகர்கள்; அந்தக் குடையின் கீழ் அவர்கள் வரவில்லை.

இந்தத் தொழிலில் சம்மதத்தை இப்படிக் கையாள்வது அப்போது தொடங்கியதல்ல. 2008 ஜனவரியில் இதே நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் தளத்தில் ஒருவர் ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடினாலே, நிறுவனம் அதைத் தன் பெயரில் நான்கு நாட்களுக்குப் பிடித்து வைத்தது. தேடியவர் வேறு பதிவாளரிடம் போய் 10 டாலருக்குள் எடுக்க நினைத்தால் முடியாது. இங்கேயே 35 டாலர் அளவில் கொடுத்தாக வேண்டும். மோசடிக்காரர்கள் முந்திக்கொள்ளாமல் வாடிக்கையாளரைக் காக்கவே இப்படிச் செய்கிறோம் என்றது நிறுவனம். இதற்கு வழிவிட்டது, பதிவு செய்த பெயரை ஐந்து நாட்களுக்குள் திருப்பித் தந்தால் கட்டணமில்லை என்றிருந்த சலுகை. வழக்கு வந்தது. ஐகேனும் அளவுக்கு மீறித் திருப்பப்படும் ஒவ்வொரு பெயருக்கும் 2008இல் 20 சென்ட் விதித்தது, பிறகு அதை இன்னும் உயர்த்தியது. 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையே இப்படித் திருப்பப்பட்ட பெயர்களின் எண்ணிக்கை 99.7 சதவீதம் குறைந்தது. கட்டணம் ஒன்றே ஒரு பெரும் பழக்கத்தை நிறுத்தியது. கேளாத பதிவுக்கும் அப்படியொரு விலை வைத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

நமக்கு இது அந்நியக் கதையல்ல. ப்ரீபெய்ட் எண்ணில் கேட்காமலே காலர் டியூன் வந்து, இருப்பிலிருந்து மாதந்தோறும் பணம் கழிந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு முறை ஒப்புதல் பெறாமல் இத்தகைய சேவையைத் தொடங்கக் கூடாது என்று 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும், நுகர்வோருக்காக முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ளத் தடை விதிக்கின்றன.

இணையப் பெயர் வைத்திருப்பவர்கள், சிறு கடை, பள்ளி, அறக்கட்டளை எதுவானாலும், ஆண்டுக்கொரு முறை தங்கள் பதிவாளர் கணக்கைத் திறந்து முழுப் பட்டியலையும் பார்ப்பது நல்லது. வலைத்தளம் செய்து கொடுத்தவரின் கையில் கணக்கு இருந்தால், அவரிடம் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காத பெயர் தென்பட்டால், முதலில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அந்தப் பெயருக்கு மட்டும் நிறுத்த வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் நிறுத்திவிட்டால் உண்மையான பெயரே கைவிட்டுப் போகும். பிறகு, இதை நான் கேட்கவில்லை, கட்டணம் ஏற்க மாட்டேன் என்று எழுத்தில் அனுப்பிப் பதிலைச் சேமித்துக்கொள்ள வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி அட்டை தந்த வங்கியிடம் மறுப்புப் பதிவு செய்யலாம்.

பெயரைக் கைவிடும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் யாராவது அந்தப் புதுப் பெயரில் மின்னஞ்சல் முகவரி தொடங்கியிருக்கிறார்களா, வங்கியிலோ வரித்துறையிலோ அதைக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து அந்தப் பெயரை வேறொருவர் எடுத்தால், அந்த முகவரிக்கு வரும் கடிதங்களும் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் அவருக்கே போய்ச் சேரும்.