சிறுநீரில் உலோகங்களும் கனிப்பொருள்களும்: வீட்டுச் சோதனையின் பயனும் எல்லையும்

இலங்கையின் உலர் வலயத்தில், சிறப்பாக அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் அவற்றை அடுத்துள்ள சில பகுதிகளிலும், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரரைப் பீடிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயொன்று 1990 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடக்கம் கவனிக்கப்பட்டு வருகின்றது. கிணற்று நீரிலுள்ள புளோரைட்டு, நீரின் வன்மை, நச்சு உலோகங்கள், பீடைநாசினிகள், கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாது உழைத்தல் ஆகிய யாவும் ஆராயப்பட்டுள்ளன. எனினும், இன்னதுதான் காரணம் என ஐயமற நிறுவப்படவில்லை.

காரணம் தெரியாத நோய் அச்சத்தைப் பெருக்கும். அச்சம் பெருகிய இடத்தில் வணிகமும் பெருகும். சிறுநீரை வீட்டிலேயே சேகரித்து, உடலில் நச்சு உலோகம் சேர்ந்துள்ளதா, வேண்டிய கனிப்பொருள்கள் குறைந்துள்ளனவா என அறியலாம் எனக் கூறும் சோதனைப் பொதிகள் இன்று விற்கப்படுகின்றன. அவற்றுக்குப் பணம் செலவிடு முன்னர், சிறுநீர் எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டாது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம்.

சிறுநீர் காட்டுவது யாது?

சிறுநீர், உடல் கழித்துவிட்டதைக் காட்டுமேயன்றி, உடலில் எஞ்சியிருப்பதை நேரே காட்டாது. ஒவ்வோர் உலோகத்துக்கும் கணக்கு வேறாகும்.

கதமியம் (கட்மியம் எனவும் வழங்கும்) சிறுநீரகத்திற் படிந்து தங்குவது. படிந்ததிற் பாதி வெளியேறுதற்கு 10 தொடக்கம் 30 ஆண்டுகள் செல்லும். ஆகவே, சிறுநீரிலுள்ள கதமியம் பல்லாண்டுகளாகச் சேர்ந்ததைக் குறிக்கும். புகைபிடிப்போரிடம் இது அதிகமாகக் காணப்படும்.

ஆசனிக்கு இதற்கு மாறானது. அது சில நாட்களிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். ஆதலால், சிறுநீரிலுள்ள ஆசனிக்கு அண்மையில் உட்கொண்டதையே காட்டும். கடல் மீன், இறால், நண்டு, கடல் மீன் கருவாடு ஆகியவற்றில் தீங்கு குறைந்த ஒருவகை ஆசனிக்குச் சேர்வை உண்டு. அவற்றை உண்டபின் சோதித்தால் அளவு பன்மடங்கு உயர்ந்து தோன்றி வீண் கலக்கம் விளைவிக்கும்.

ஈயத்தை அறிதற்குக் குருதிச் சோதனையே ஏற்றது. மீன் வழியாக உடலிற் சேரும் இரசமும் சிறுநீரில் மிகச் சிறிதளவே வெளிப்படும். ஆகவே சிறுநீரில் இவை காணப்படாமை, உடலில் இவை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

யப்பானிற் கண்ட பாடம்

யப்பானின் தொயாமா மாகாணத்தில், கமியோக்கா சுரங்கத்திலிருந்து கழிந்த கதமியம் யின்சு ஆற்றிற் கலந்தது. அவ்வாற்று நீர் பாய்ந்த வயல்களின் நெல்லிலும் அது ஏறியது. அந்நெல்லைப் பல்லாண்டுகள் உண்டோரின், சிறப்பாக வயது சென்ற பெண்களின், சிறுநீரகம் பழுதடைந்து எலும்புகள் மென்மையுற்று முறிந்தன. நோயாளர் வேதனையில் அரற்றிய சொல்லே, ‘இதாய் இதாய்’ என, அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968 இல் யப்பானிய அரசாங்கம் அதனைச் சூழல் மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது.

அங்கு பாதிக்கப்பட்ட மக்களைச் சோதித்த வைத்தியர்கள் சிறுநீரிலுள்ள கதமியத்தை மட்டும் பார்க்கவில்லை. சிறுநீரகம் பழுதடையுங்கால் ஒழுகும் சிறு புரதங்களையும் அளந்தனர். உலோகம் உடலில் உண்டா என்பது ஒரு கேள்வி. அதனால் உறுப்புக்குக் கேடு நேர்ந்துள்ளதா என்பது வேறு கேள்வி.

இலங்கையில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. சுகாதார அமைச்சும் உலக சுகாதாரத் தாபனமும் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளரின் சிறுநீரிற் கதமியம் ஏனையோரிலும் அதிகமாகக் காணப்பட்டது. பின்னர் வந்த வேறு ஆய்வுகளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. சிறுநீரகம் கெட்டபின் உலோகம் கழியும் அளவும் மாறிவிடும். ஆராய்ச்சியாளர்க்கே தீர்க்க இயலாத இவ்வினாவை, ஒருவர் வீட்டிற் செய்யும் ஒரு சோதனை தீர்த்துவைக்கும் என எண்ணுதல் தவறு.

வீட்டுப் பொதிகள் இரு வகை

முதல் வகையில், சிறுநீரிற் சில துளி மருந்து இட்டு நிறமாற்றம் பார்க்கப்படும். அந்நிறம் உடலுக்கு வேண்டிய நாகம், செம்பு போன்ற உலோகங்களாலும் மாறக்கூடும். எந்த உலோகம், எவ்வளவு என்பதை அதனால் உறுதியாகக் கூறவியலாது. இவ்வகைக்குப் பணம் செலவிடுதல் வீண்.

இரண்டாம் வகையில், சிறுநீர் போத்தலில் எடுக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். நல்ல ஆய்வுகூடத்தில் நுண்கருவிகளால் ஒவ்வொரு மூலகமும் தனித்தனியே அளக்கப்படும். இது பயனுடையது, ஆனால் சிறுநீர் எடுக்கும் முறை பிழைத்தால் பெறுபேறும் பிழைக்கும். கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. ஆய்வுகூடம் தந்த துப்புரவான பிளாத்திக்குப் போத்தலையே பயன்படுத்துக. தகர, பித்தளைப் பாத்திரங்களில் எடுத்து ஊற்றலாகாது.

2. வயலிலிருந்து வந்த கையோடு எடுக்கலாகாது. சவர்க்காரமிட்டுக் கைகழுவி, மாற்றுடை அணிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். பசளைத் தூளும் மண்ணும் சிறிது பட்டாலும் அளவு கெடும்.

3. ஆசனிக்கைச் சோதிப்பதாயின், நான்கு நாட்களுக்கேனும் கடலுணவையும் கருவாட்டையும் தவிர்க்குக.

4. கனிப்பொருள் மாத்திரைகளோ சுதேச மருந்துகளோ உண்பவர் அவற்றின் பெயரைக் குறித்து அனுப்புக.

5. பெறுபேறு கிரியற்றினினுக்குச் சரிசெய்யப்பட்டதா எனக் கேட்டறிக.

ஐந்தாவது குறிப்பு உலர் வலயக் கமக்காரருக்கு மிக முக்கியமானது. வெயிலில் வியர்த்து உழைப்பவரின் சிறுநீர் செறிவுடையது. நீர் நிறைய அருந்தியவரின் சிறுநீர் ஐதானது. உதாரணமாக, ஒருவரின் சிறுநீரில் இலீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராம் கதமியமும் 1 கிராம் கிரியற்றினினும் உண்டெனக் கொள்க. மற்றொருவரின் சிறுநீரில் 1 மைக்கிரோகிராம் கதமியமும் 2 கிராம் கிரியற்றினினும் உண்டு. பார்வைக்கு இரண்டாமவர் அளவு இரு மடங்காயினும், ஒரு கிராம் கிரியற்றினினுக்கு இருவருக்கும் 0.5 மைக்கிரோகிராமே வரும். வேறுபாடு நீரிலன்றி உலோகத்தில் இல்லை.

வேண்டிய கனிப்பொருள்கள்

உணவில் உட்கொள்ளும் அயடீனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிறுநீரிற் கழியும். ஓர் ஊரின் மக்கள் பலரது சிறுநீரைச் சோதித்து, நடு அளவு இலீற்றருக்கு 100 முதல் 199 மைக்கிரோகிராமாயின் அவ்வூரில் அயடீன் போதுமென உலக சுகாதாரத் தாபனம் கணிக்கின்றது. ஆனால் இவ்வளவு நாளுக்கு நாள் மாறுவதால், ஒருவரின் ஒருநாட் சிறுநீரைக் கொண்டு அவருக்குக் குறைபாடு உண்டெனக் கூறலாகாது. அயடீன் சேர்த்த உப்பைப் பயன்படுத்துவதே எளிய காப்பு.

இரும்புக் குறைபாட்டைச் சிறுநீர் காட்டாது. அதற்குக் குருதிச் சோதனை வேண்டும். நாகத்தின் நிலையையும் சிறுநீர் கொண்டு தெளிவாக அறியவியலாது. எனினும் இரும்புக்கும் நச்சு உலோகத்துக்கும் ஒரு தொடர்புண்டு. இரும்புச் சத்துக் குறைந்த உடல் உணவிலுள்ள கதமியத்தை அதிகமாக உறிஞ்சும். ஆதலால் பெண்களின் குருதிச் சோகையைத் தீர்ப்பது இவ்வகையிலும் பாதுகாப்பாகும்.

மருந்தூட்டி எடுக்கும் சோதனை

சிலவிடங்களில், உலோகத்தைப் பற்றி இழுக்கும் மருந்தொன்றைக் கொடுத்து, அதன்பின் சிறுநீரைச் சோதிப்பர். அம்மருந்து நலமுள்ளோரின் உடலிலிருந்தும் உலோகத்தை வெளியேற்றும். அவ்வளவை மருந்துண்ணாதோர்க்கு வகுத்த அளவுடன் ஒப்பிட்டு ‘நஞ்சு மிகுந்துள்ளது’ எனக் கூறுவது நேர்மையன்று. அதன்மேல் ‘நஞ்சு நீக்கும்’ சிகிச்சை விற்கப்படுமாயின் ஆபத்து இன்னும் பெரிது. 2003 முதல் 2005 வரையான காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய மருந்தேற்றலால் குருதியிற் கல்சியம் திடீரெனக் குறைந்து, இரு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தனர். வைத்தியரின் கண்காணிப்பின்றி இம்மருந்தை ஒருபோதும் ஏற்றலாகாது.

முதலிற் செய்ய வேண்டியவை

சிறுநீரிற் தோய்த்துப் பார்க்கும் சாதாரண கீலம் உலோகத்தைக் காட்டாது. அல்புமின் என்னும் புரதத்தையே காட்டும். உலர் வலயச் சிறுநீரக நோயின் தொடக்கத்தில் அப்புரதம் சிறிதளவே வெளிப்படுமாதலால், கீலம் மாறாதிருந்தாலும் நோய் இருக்கக்கூடும். நோவோ வீக்கமோ இன்றியே இந்நோய் வளரும். ஆகவே உலோகச் சோதனையில் ‘குறைவு’ என வந்ததைக் கண்டு நிம்மதியுற்று வைத்தியசாலைக்குச் செல்லாதிருப்பதே யாவற்றிலும் பெரிய தீங்காகும்.

நோய் காணப்படும் பகுதிகளில் வாழும் கமக்காரர், குருதியிலுள்ள கிரியற்றினினையும், சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியற்றினினுக்குமுள்ள விகிதத்தையும், அரசாங்க வைத்தியசாலையில் ஆண்டுதோறும் சோதிப்பித்தல் நன்று. குடிக்கும் கிணற்று நீரையும் சோதிப்பித்தல் வேண்டும். இலீற்றருக்கு ஆசனிக்கு 10 மைக்கிரோகிராம், கதமியம் 3 மைக்கிரோகிராம், புளோரைட்டு 1.5 மில்லிகிராம் ஆகியவற்றுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வழிகாட்டல். இது குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம்.

வயலிலும் சில காப்புகள் உண்டு. பொசுபேற்றுப் பசளையிற் கதமியம் மாசாகக் கலந்திருக்கக்கூடும். எனவே விதந்துரைத்த அளவுக்கு மேல் இடலாகாது. அமில மண்ணிற் பயிர் கதமியத்தை அதிகமாக ஏற்கும். கீரை வகைகள் இன்னும் அதிகமாக ஏற்கும். மண்ணைச் சோதிப்பித்து, வேண்டுமாயின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி சுண்ணாம்பிடுக. பீடைநாசினி தெளிக்கும்போது காப்புடை அணிக. வேலையினிடையே நிழலில் ஓய்ந்து நல்ல நீர் அருந்துக.

நெல்லின் நிறத்தை மட்டும் பார்த்துப் பசளை இடாது, மண்ணையும் நீரையும் சேர்த்துப் பார்ப்பதே கமக்காரரின் வழக்கம். தம் உடலையும் அவர் அவ்வாறே பார்த்தல் வேண்டும். சிறுநீரிலுள்ள ஓர் எண் மட்டும் நோயுமன்று, நலமுமன்று. அதன் பொருளை உரைக்க வேண்டியவர் வைத்தியரே.